‘ரன்’ என்ற சொல்லை எப்படிப் பிடிப்பது

ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் 1989 பதிப்பில் மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்குத்தான். பிறகு இணையப் பதிப்புக்காகச் சொற்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டு வந்தார்கள். 2011-இல் ‘ரன்’ முறை வந்தபோது பட்டம் கைமாறியது. வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள்கள். அந்த ஒரு சொல்லை முடிக்க அகராதியாளர் பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

645 என்றதும் மலைக்க வேண்டியதில்லை. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்கிற வேலையும் வேண்டாம், அது நிற்காது. தமிழ் பேசுகிறவருக்கு இதில் பாதி ஏற்கெனவே கையில் இருக்கிறது. ஆறு ஓடுகிறது, ரயில் ஓடுகிறது, மோட்டார் ஓடுகிறது, நாடகம் இரண்டு வருடம் ஓடியது, ஒரே எண்ணம் தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. இத்தனைக்கும் ஆங்கிலத்தில் ‘ரன்’ போடலாம், தப்பே இல்லை. ‘ஓடு’ என்ற வினை கால்களை விட்டுவிட்டு எங்கெல்லாம் போகிறதோ, ஏறக்குறைய அங்கெல்லாம் ‘ரன்’ போகிறது.

இடறுவது மறுபாதியில்தான். தமிழில் ஓடு – ஓட்டு, இயங்கு – இயக்கு, நட – நடத்து என்று இரண்டு இரண்டாக வினைகள் உண்டு. தானாக நடப்பதற்கு ஒன்று, இன்னொருவர் நடக்கவைப்பதற்கு ஒன்று. ஆங்கிலத்தில் இந்த ஆறு வேலையையும் ‘ரன்’ ஒன்றே பார்க்கிறது. எப்போதுமே அப்படி இருந்ததில்லை. பழைய ஆங்கிலத்தில் ஓடுவதற்கு ஒரு வினையும் ஓட வைப்பதற்கு இன்னொரு வினையும் தனித்தனியாக இருந்தன. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவத்தில் கலந்துபோயின. ஜெர்மன் மொழியில் அந்தப் பழைய ஜோடியின் சுவடு இன்றும் தெரியும்: ‘ரின்னென்’ என்றால் நீர் வழிந்தோடுவது, ‘ரென்னென்’ என்றால் ஆள் ஓடுவது. நீர் ஓடுவது என்ற பொருள் ஏதோ கவிஞர்கள் பிற்பாடு ஒட்டவைத்த உருவகம் இல்லை என்பதற்கும் இதுவே சாட்சி.

ஆகவே ஒரு வாக்கியத்தில் ‘ரன்’ எதிர்ப்பட்டால் முதலில் பார்க்க வேண்டியது அதற்குச் செயப்படுபொருள் இருக்கிறதா என்பது. இல்லையென்றால், எழுவாய் எது என்று பாருங்கள். அதிலேயே பொருள் பெரும்பாலும் விழுந்துவிடும். எழுவாய் திரவமா, வழிகிறது. இயந்திரமா, இயங்குகிறது. சாலையோ சுவரோ வேலியோ என்றால், நீண்டு செல்கிறது. ஒப்பந்தமோ உரிமமோ என்றால், இன்ன தேதிவரை செல்லும். பேருந்தா, அது ஒரு கால அட்டவணை. ‘தி பஸ் ரன்ஸ் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்றால் பத்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து உண்டு என்று அர்த்தம். பேருந்து, சாலை இரண்டுக்குமே இந்த இடத்தில் சாதாரண நிகழ்காலம்தான் வரும். ‘ஓடுகிறது’ என்பதை அப்படியே மனதில் வைத்துக்கொண்டு ‘இஸ் ரன்னிங் எவ்ரி டென் மினிட்ஸ்’ என்று எழுதினால் வழக்கமான அட்டவணை என்ற பொருள் மங்கி, இன்றைக்கு மட்டும் ஏதோ தற்காலிக ஏற்பாடு என்பதுபோல் ஒலிக்கும். சாலைக்கு ‘இஸ் ரன்னிங்’ போட்டால் சாலையே எழுந்து ஓடுகிற மாதிரி.

திரவத்தில் ஒரு நுணுக்கம். துணியில் ‘கலர் ரன்ஸ்’ என்றால் சாயம் இறங்கி, கூட ஊறுகிற மற்றத் துணியில் ஏறுவது. ‘ஃபேட்’ என்றால் சாயம் வெளுத்துப்போவது. தமிழில் இரண்டையும் ‘சாயம் போகிறது’ என்றே சொல்லிவிடுகிறோம். சட்டையின் துணிச்சீட்டில் ‘ரன்’ என்று எச்சரித்திருந்தால், தனியாகத் துவை என்று பொருள்; வெயிலில் காயப்போடாதே என்று அல்ல. சுவருக்கும் கதவுக்கும் பெயின்ட் அடிப்பவர்களுக்கு ‘ரன்’ ஒரு குறையின் பெயர். ஒரே பூச்சில் தடிமனாக அடித்தாலோ தின்னர் கூடிப்போனாலோ பெயின்ட் பிடிக்காமல் கீழே வழிந்து கோடாக உறைந்துவிடும். அந்தக் கோடுதான் அது. பெண்கள் அணியும் மெல்லிய காலுறையில் ஒரு இழை அறுந்து நீளக் கிழிந்தால் அதற்கும் அமெரிக்கர்கள் ‘ரன்’ என்பார்கள். பிரிட்டனில் அதன் பெயர் ‘லேடர்’.

இனி செயப்படுபொருளோடு வருவது. தேர்வில் தொடங்கி அலுவலக மின்னஞ்சல்வரை ஆட்கள் தடுமாறுவது இங்கேதான். கடை, கம்பெனி, பள்ளி, வகுப்பு, முகாம் எல்லாவற்றுக்கும் ‘ரன்’ என்றால் நடத்துவது. நிரல், கணினிச் சோதனை, ரத்தப் பரிசோதனைக்கு என்றால் ஓட்டிப்பார்ப்பது, செய்துபார்ப்பது. செய்திக்கும் விளம்பரத்துக்கும் என்றால் வெளியிடுவது. ஆசிரியர் ஒரு கட்டுரையைப் பார்த்துவிட்டு ‘ரன் இட்’ என்றால், ‘போட்டுடு’ என்கிறார். ஒயருக்கும் கேபிளுக்கும் ‘ரன்’ என்றால் நாம் சொல்கிற ‘இழுப்பது’: மாடிவரைக்கும் ஒயர் இழுத்தாச்சு என்கிறோமே, அதுதான். ஒருவரை வண்டியில் கொண்டுபோய் விடுவதற்கும் பிரிட்டிஷ் பேச்சில் ‘ரன்’ உண்டு: ‘ஐல் ரன் யூ ஹோம்’, உன்னை வீட்டில் விட்டுவிடுகிறேன். ‘ரன் எ பாத்’ என்றால் குளிக்கும் தொட்டியில் நீர் நிரப்புவது. குளியலறைக்கு ஓடுவது என்று வந்த மொழிபெயர்ப்புத் துணைத்தலைப்புகளைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா தெரியாது.

இந்தக் கூட்டத்தில் ஒரு தனிக் குடும்பம் இருக்கிறது. சிவப்பு விளக்கு, முற்றுகை, சோதனைச்சாவடி போன்ற தடை ஒன்று செயப்படுபொருளாக வந்தால், ‘ரன்’ அதை மீறிக் கடப்பது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, தென் மாநிலத் துறைமுகங்களை வடக்கின் கடற்படை மறித்திருந்தபோது சரக்கோடு நழுவிப் போய்வந்த கப்பல்களை ‘பிளாக்கேட் ரன்னர்’ என்றார்கள். அங்கிருந்து கடத்தல் என்ற பொருளுக்கு ஓரடிதான். அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு இருந்த காலத்தில் கடல்வழியே சாராயம் கடத்தியவர் ‘ரம் ரன்னர்’. துப்பாக்கி கடத்துவது ‘கன் ரன்னிங்’. இதைத் துப்பாக்கியோடு ஓடுவது என்று நாளிதழ் மொழிபெயர்ப்பில் கண்டால் ஆச்சரியப்பட வேண்டாம்.

காய்ச்சல் இன்னொரு விதம். தமிழில் காய்ச்சல் எழுவாய். எனக்குக் காய்ச்சல் அடிக்கிறது. ஆங்கிலத்தில் ஆள் எழுவாய்: ‘ஷி இஸ் ரன்னிங் எ ஃபீவர்’. அவர் எதையும் செய்யவில்லை, ஆனாலும் அவர்தான் எழுவாய். பற்றாக்குறை, கடன், அபாயம் இவையும் இதே அச்சு. ஒரு நாடு ‘டெஃபிசிட் ரன்’ செய்கிறது என்றால் வரவைவிடச் செலவு கூடி நடக்கிறது. ‘ரன் தி ரிஸ்க்’ என்பதற்குப் பின்னால் ‘ஆஃப்’ போட்டு ‘இங்’ வடிவம் வைக்க வேண்டும்: ‘ரன் தி ரிஸ்க் ஆஃப் லூசிங்’. ‘டு லூஸ்’ என்று எழுதுவது அடிக்கடி பார்க்கிற பிழை.

இங்கும் இருபொருள் உண்டு. ‘ஷி ரன்ஸ் மராத்தான்ஸ்’ என்ற வாக்கியம் தனியாக நின்றால், அவர் ஓடுகிறாரா, போட்டியை நடத்துகிறாரா என்று சொல்லவே முடியாது. தமிழில் எழுதும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். முன்னும் பின்னும் படிக்காமல் தேர்ந்தால் சூதாட்டம்தான்.

பெயரடை தொடர்ந்தால் பொருள் வேறு. ‘ரன் டிரை’ வற்றிப்போவது, ‘ரன் லேட்’ தாமதமாவது, ‘ரன் லோ’ குறைந்துகொண்டு வருவது, ‘ரன் வைல்ட்’ கட்டுப்பாடு இல்லாமல் திரிவது. இங்கே ‘ரன்’ என்பதை ‘ஆகு’ அல்லது ‘போ’ என்று வைத்துக்கொண்டால் போதும். வேறு எதுவும் யோசிக்க வேண்டாம்.

யோசிக்க வேண்டியது பின்னால் ஒட்டும் சின்னச் சொற்களை. அகராதியின் அத்தனை பக்கங்களையும் அடைத்துக்கொண்டிருப்பவற்றில் இவற்றுக்குப் பெரும் பங்கு. ‘ரன் டவுன்’ ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். பேட்டரி எழுவாயானால், சார்ஜ் இறங்குகிறது. கார் எழுவாயாகி ஆள் செயப்படுபொருளானால், இடித்து வீழ்த்தியது. ஆள் ஆளை ‘ரன் டவுன்’ செய்தால் இரண்டு வாய்ப்பு: துரத்திப் பிடித்தார், அல்லது மட்டந்தட்டிப் பேசினார். கடை தன் சரக்கிருப்பைச் செய்தால், மெல்லக் குறைக்கிறது. கட்டடத்துக்கு முன் அடைமொழியாக நடுவில் சிறுகோட்டோடு வந்தால், பராமரிப்பின்றிப் பாழடைந்தது. ஒருவர் ‘ஐ ஃபீல் ரன் டவுன்’ என்றால், உடம்பு அசதியாக இருக்கிறது. சேர்த்து ஒரே சொல்லாக ‘ரன்டவுன்’ என்று எழுதிப் பெயர்ச்சொல்லாக்கினால், நிலவரத்தின் சுருக்கம். தொலைக்காட்சிச் செய்திப் பிரிவில் அதுவே நிகழ்ச்சி நிரல். இத்தனை இருந்தும் படிக்கும்போது குழப்பம் வருவது அபூர்வம். எழுவாயையும் செயப்படுபொருளையும் பார்த்தவுடன் மற்றவை உதிர்ந்துவிடும்.

எழுதும்போது வரும் தொல்லை வேறு மாதிரி: பிரதிப்பெயர் எங்கே உட்கார வேண்டும்? வண்டி ஏற்றினான் என்ற பொருளில் ‘ரேன் ஹிம் ஓவர்’, நடுவில். மட்டந்தட்டினான் என்பதற்கும் ‘ரேன் ஹிம் டவுன்’, நடுவில். எதேச்சையாகச் சந்தித்தேன் என்பதற்கு ‘ரேன் இன்டு ஹிம்’, கடைசியில். ‘ரேன் ஹிம் இன்டு’ என்று பிரிக்கவே முடியாது. ‘அக்ராஸ்’, ‘ஆஃப்டர்’ இரண்டும் ‘இன்டு’ பக்கம். ‘இன்டு’ தொகையோடு வந்தால் சந்திப்பு கிடையாது: ‘ரன்ஸ் இன்டு மில்லியன்ஸ்’ என்றால் பல மில்லியனைத் தொடுகிறது. காரோடும் மரத்தோடும் வந்தால் மோதல்.

‘ரன் அவுட்’ கிரிக்கெட்டினால் நமக்கு ரொம்பப் பழகிய சொல். அந்தப் பழக்கமே குழப்புகிறது. தீர்ந்துபோவது என்ற பொருளில் இரண்டு அமைப்புகள் உண்டு. தீர்ந்த பொருள் எழுவாயானால் ‘ஆஃப்’ வராது: ‘தி பெட்ரோல் ரேன் அவுட்’. ஆள் எழுவாயானால் ‘ஆஃப்’ கட்டாயம்: ‘வீ ரேன் அவுட் ஆஃப் பெட்ரோல்’. ‘வீ ரேன் அவுட் பெட்ரோல்’ என்பது அரைகுறை. ‘பெட்ரோல் ரேன் அவுட் ஆஃப்’ என்று முடித்தால் வாக்கியமே தொங்கும். ஒப்பந்தக் காலம் முடிவதற்கும் முதல் அமைப்புத்தான். ‘அவுட் ஆன்’ என்று ‘ஆன்’ சேர்ந்தால் கைவிட்டுப் போவது, அதுவும் பொறுப்பைத் தட்டிக்கழித்து. ஒருவர் ‘வாஸ் ரன் அவுட்’ என்று செயப்பாட்டுவினையில் வந்தால் ஒன்று கிரிக்கெட். பின்னால் ‘ஆஃப் டவுன்’ இருந்தால் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்.

காலவடிவத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். நிகழ்காலம் ‘ரன்’, இறந்தகாலம் ‘ரேன்’, ‘ஹேவ்’ அல்லது ‘ஹேஸ்’ வந்தால் மறுபடி ‘ரன்’. ‘ஹேஸ் ரேன்’ என்பது தவறு. பேச்சில் தாய்மொழிக்காரர்களே சிலர் சொல்கிறார்கள் என்பது உண்மைதான். எழுத்தில் அது செல்லாது.

தமிழ் ‘ஓடு’ கைகொடுக்கும் என்று ஆரம்பத்தில் சொன்னதற்கு விலக்குகள் உண்டு, இவை கொஞ்சம் தந்திரமானவை. கடை நன்றாக ஓடுகிறது, படம் நன்றாக ஓடுகிறது என்றால் வியாபாரமும் வசூலும் நன்றாக இருக்கின்றன என்கிறோம். ‘தி ஷாப் இஸ் ரன்னிங் வெல்’ என்றால் நிர்வாகம் சிக்கலில்லாமல் நடக்கிறது என்றுதான் ஆங்கிலக்காரர் எடுத்துக்கொள்வார். லாபத்தைச் சொல்ல ‘டூயிங் வெல்’ வேண்டும். படம் நூறு நாள் ஓடியது என்று கால அளவு சேர்த்தால் மட்டும் ‘ரேன்’ பொருந்திவிடும். கார் நாற்பதாயிரம் கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்பதற்கு ‘ஹேஸ் டன்’. வீட்டில் டிவி ஓடுகிறது, தொடர் ஓடுகிறது என்பவற்றுக்கு ‘இஸ் ஆன்’. நாட்கள் ஓடிவிட்டன என்பதற்கு ‘ஃப்ளூ பை’. அங்கே ஆங்கிலத்தில் நாட்கள் பறக்கின்றன. பதற்றத்தில் கை கால் ஓடவில்லை என்பதற்கு ‘ரன்’ பக்கமே போக வேண்டாம்.

மூக்கு ஒழுகுவதற்கு வினையாக ‘மை நோஸ் இஸ் ரன்னிங்’ சரி. பெயர்ச்சொல்லாக நம்மவர்கள் சொல்லும் ‘ரன்னிங் நோஸ்’ பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் ‘ரன்னி நோஸ்’. ‘ரன்னிங்’ எண்ணோடும் காலத்தோடும் சேர்ந்து பின்னால் வந்தால் ஓட்டமே இல்லை: ‘த்ரீ டேஸ் ரன்னிங்’, தொடர்ந்து மூன்று நாள்.

பெயர்ச்சொல்லாக ‘ரன்’ என்றதும் நமக்கு ஸ்கோர்தான் நினைவுக்கு வரும். ஆனால் பெயர்ச்சொல் பொருள்களில் பெரும்பாலானவற்றை ஒரே நூல் கட்டுகிறது: விடாமல் தொடர்வது. சீட்டாட்டத்தில் ஒரே இனத்தில் வரிசையாக வரும் சீட்டுகள், தொடர் வெற்றி, ஒரு முறை அச்சில் ஏற்றி இறக்கும் மொத்தப் பிரதிகள், நாடகம் மேடையில் நீடித்த காலம். கோழிகள் உலவ வலையடித்துவிட்ட இடமும் ‘ரன்’ என்பது இந்த நூலில் கோத்துவராது; அது உலவுவதற்கான இடம், அவ்வளவே. தேர்தல் விவகாரத்தில் ஒரு நாட்டுப் பேதம் இருக்கிறது. அமெரிக்காவில் வேட்பாளர் ‘ரன்’ செய்வார், பிரிட்டனில் ‘ஸ்டாண்ட்’ செய்வார். நாம் சொல்லும் ‘தேர்தலில் நிற்கிறார்’ பிரிட்டிஷ் வழக்கோடு கச்சிதமாகப் பொருந்துகிறது. முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காமல் முதல் இருவருக்குள் நடக்கும் இரண்டாம் சுற்று ‘ரன்ஆஃப்’. பிரெஞ்சு அதிபர் தேர்தலில் அது இரண்டு வாரம் கழித்து நடக்கும். மழைநீர் மண்ணில் இறங்காமல் மேலோடு வழிந்து போவதற்கும் அதே பெயர்தான் என்பதால், வெள்ளச் செய்தியையும் தேர்தல் செய்தியையும் ஒரே நாளில் மொழிபெயர்ப்பவர் கவனமாக இருக்க வேண்டும்.

‘பேங்க் ரன்’ என்பதை வங்கி ஓட்டம் என்று எழுதினால் பலருக்குப் புரியாது. வங்கி திவாலாகும் என்ற பயத்தில் வைப்பாளர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டு முட்டிமோதுவது அது. வங்கி வாங்கிய பணத்தில் பெரும்பகுதியை நீண்ட காலக் கடனாகக் கொடுத்திருக்கும். ரொக்கமாகக் கொஞ்சம்தான் வைத்திருக்கும். ஆகவே நல்ல வங்கிகூட இந்த நெரிசலில் விழலாம். 2007 செப்டம்பரில் பிரிட்டனின் நார்தர்ன் ராக் வங்கி வாசல்களில் வரிசை நின்றது. 2023 மார்ச்சில் அமெரிக்காவின் சிலிக்கான் வேலி வங்கியில் வரிசைகூடத் தேவைப்படவில்லை, ஒரே நாளில் 4,200 கோடி டாலரை மின்வழியாகவே எடுக்க முயன்றார்கள். ‘வைப்பாளர்கள் முண்டியடித்துப் பணம் எடுத்தனர்’ என்று விரித்து எழுதுவதே நல்லது. ஒற்றைச் சொல்லுக்கு ஒற்றைச் சொல் தேடி மெனக்கெட வேண்டாம்.

நீதிமன்றத் தீர்ப்பில் ‘தண்டனைகள் கன்கரன்ட்லி ரன் ஆகும்’ என்றால் ஏககாலத்தில் அனுபவிப்பது. ‘கன்செக்யூட்டிவ்லி’ என்றால் ஒன்று முடிந்து அடுத்தது. ஐந்து ஆண்டும் மூன்று ஆண்டும் விதித்தால், முதலாவதில் உள்ளே இருப்பது ஐந்து ஆண்டு, இரண்டாவதில் எட்டு ஆண்டு. ‘ரன்’ என்பதை விட்டுவிட்டு அந்த வினையடையைத் தப்பில்லாமல் பிடிப்பதுதான் இங்கே வேலை. காலவரம்புச் சட்டத்தில் ‘டைம் பிகின்ஸ் டு ரன்’ என்றால், வழக்குப் போடுவதற்கான கெடு எண்ணத் தொடங்குகிறது.

கடைசியாக, செயலிகளைத் தமிழாக்குகிறவர்களுக்கு. மொழிபெயர்ப்புக் கோப்பில் பொத்தான் பெயராக வெறும் ‘ரன்’ என்று ஒரு சரம் (திரையில் காட்டும் சொல் அல்லது தொடர்) வரும், முன்னும் பின்னும் எதுவும் இருக்காது. நிரலாளர் கருவி என்றால் ‘இயக்கு’. உடற்பயிற்சிச் செயலி என்றால் ‘ஓட்டம்’. கிரிக்கெட் செயலி என்றால் ‘ரன்’ என்றே விட்டுவிட வேண்டும்; ‘ஓட்டங்கள்’ என்பது வானொலி வர்ணனையில் நன்றாக இருக்கும், சின்னத் திரையில் இடத்தை அடைக்கும். ‘லாஸ்ட் ரன்’ என்ற சரம் இன்னும் மோசம்: கடைசியாக இயக்கிய நேரமா, கடைசியாக ஓடிய தூரமா? நிகழ்நிலையைக் காட்டும் ‘ரன்னிங்’ என்பதற்கு ‘இயங்குகிறது’ என்று வினைமுற்றாகவே போடுங்கள், ‘இயக்கம்’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் நிலை தெரியாது. கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்புக் கோப்பு வகையில் ஒரே சரத்தின் வெவ்வேறு பொருள்களைப் பிரித்துக்காட்டச் சூழலுக்கென்று தனி வரி உண்டு. அதை நிரப்பாமல் அனுப்பியிருந்தால் ஊகித்து எழுதாமல், அந்தச் சரம் எந்தத் திரையில் வருகிறது என்று நிரலாளரிடமே கேட்டு வாங்குங்கள். திரைப்பிடிப்பு ஒன்று அனுப்பினாலே போதும்.